ஒரே வசனத்துல இருந்து ஆரம்பிங்க: புதிய ஏற்பாட்டு ஆராய்ச்சியில மேல்படிப்பு படிக்க ஆசைப்படுற குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

நம்ம மாவட்டத்துல ஒரே குடும்பத்துக்குள்ள ரெண்டு மூணு சபை இருக்கது சாதாரணம், அம்மா வழி சி.எஸ்.ஐ, அத்தையைக் கட்டிக் கொடுத்த வீடு கத்தோலிக்கம், சித்தப்பா பெந்தெகொஸ்தே, அப்படித்தான் எனக்க வீடும். இந்தப் படிப்புக்கு வரணும்னு நெனைக்கிறவங்க யாரா இருந்தாலும் அப்ளிகேஷன் பாரம் வாங்கதுக்கு முன்னாடி வீட்டுல இருந்தே ஒரு வேலை செய்யுங்க. பாட்டி வச்சிருக்க பழைய மொழிபெயர்ப்பு வேதபுஸ்தகத்தையும், 1995-ல கத்தோலிக்கரும் மத்த சபைக்காரரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 1 யோவான் 5:7-ஐ வாசிங்க. பழையதுல பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவின்னு பரலோகத்துல சாட்சியிடுற மூணு பேர் வருவாங்க. புதுசுல அந்த வரி இருக்காது, ஆவி, தண்ணி, இரத்தம் மட்டுந்தான் இருக்கும். இதைப் பாத்த உடனே "வேதத்தை மாத்திட்டான்"னு வாட்ஸ்அப்ல சண்டை போடுறவங்க உண்டு, "அப்ப எல்லாமே பொய்யா"ன்னு பயந்து போறவங்களும் உண்டு. "இது எப்படி ஆச்சு, யார் யார் என்ன சொல்லியிருக்காங்க, எந்த ஆதாரத்தை வச்சு சொல்லியிருக்காங்க"ன்னு உங்களுக்குக் கேக்கத் தோணிச்சுன்னா இந்தப் படிப்பு உங்களுக்குத்தான், தைரியமா வாங்க.

அந்த வசனத்தோட கதையையே கொஞ்சம் சொல்லுதேன், ஏன்னா மேல்படிப்புல நீங்க செய்யப்போற வேலை முழுசும் இதுக்குள்ள இருக்கு. எராஸ்மஸ்ங்கிற அறிஞர் 1516-லயும் 1519-லயும் அச்சடிச்ச கிரேக்கப் புதிய ஏற்பாட்டுல அந்த வரி இல்ல, கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்ல அவர் அதைப் பாக்கல. 1522-ல வந்த மூணாம் பதிப்புல சேத்தார். பின்னால வந்த பல பதிப்புகள் அதைப் பின்பத்திச்சு, அந்த வழியில வந்த மொழிபெயர்ப்புகள்லயும் வரி நின்னுபோச்சு. "ஒரே ஒரு கிரேக்கப் பிரதியில காட்டுங்க, சேக்கேன்"னு எராஸ்மஸ் வாக்குக் கொடுத்தார்னு ஒரு கதை ரொம்பக் காலம் புஸ்தகத்துக்குப் புஸ்தகம் ஓடிட்டு இருந்துச்சு. 1980-ல டி யோங்கெங்கிற டச்சு அறிஞர் எராஸ்மஸ் எழுதினதையே எடுத்துப் படிச்சிட்டு, அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததுக்கு ஆதாரமே இல்லன்னு காட்டினார். அறிஞர்கள் சொன்னதையும் மூலத்துல போய்ப் பாக்கணும்ங்கதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

அடுத்த வேலை, எந்த வகைச் சர்ச்சைக்குள்ள நீங்க போகப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கிடுறது. எல்லாத்தையும் ஒண்ணாட்டுக் குழப்பிக்கிட்டுதான் பல பேரு முதல் செமஸ்டர்லயே திணறுறாங்க. மூலத்துல எந்தச் சொல் இருந்துச்சுன்னு தேடுறது ஒரு வகை, அதுக்குப் பேரு மூலபாட ஆய்வு. தமிழ் படிச்சவங்களுக்கு இது புதுசே இல்ல, உ.வே.சா ஏடு ஏடாத் தேடிப்போய் ஒப்பிட்டுப் பாத்து 1887-ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சாருல்லா, அதே வேலைதான், பாடபேதம்ங்கிற சொல்லும் நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு. மத்தேயு, மாற்கு, லூக்கா மூணும் ஏன் இவ்வளவு ஒத்துப்போகுது, யாரைப் பாத்து யாரு எழுதினாங்கன்னு கேக்கது வேற ஒண்ணு. மாற்குதான் முதல்லன்னு பெரும்பாலானவங்க சொல்லுறாங்க, ஆனா மத்தேயுவும் லூக்காவும் கியூன்னு இன்னொரு தொகுப்பையும் பயன்படுத்தினாங்களா, இல்ல லூக்கா கையில மத்தேயுவே இருந்துச்சாங்கிற வழக்கு இன்னைக்கும் முடியல. பவுல் பேர்ல உள்ள 13 நிருபங்கள்ல ரோமர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆக 7 பத்திப் பெரிய சர்ச்சை இல்ல, மத்த 6-ஐப் பத்திதான் பேச்சு. கடைசியா எந்தப் புஸ்தகங்கள் வேதம்னு எப்ப, எப்படி முடிவாச்சுங்கிற கேள்வி. அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியு 367-ல எழுதின ஈஸ்டர் கடிதத்துலதான் இன்னைக்கு நம்ம கையில இருக்க 27 புஸ்தகமும் அப்படியே ஒரு பட்டியலா வருது. முரத்தோரி துண்டுன்னு இன்னொரு பட்டியல் இருக்கு, அது 2-ஆம் நூற்றாண்டுக் கடைசியா இல்ல 4-ஆம் நூற்றாண்டான்னு 1973-ல சண்ட்பெர்க்ங்கிற அறிஞர் கிளப்பிவிட்ட கேள்விக்கு இன்னும் பதில் எழுதிட்டே இருக்காங்க.

நம்ம ஊருல இருந்து வாற பிள்ளைக்கு இந்தக் கடைசிக் கேள்வியில ஒரு தனி வசதி இருக்குங்கது எனக்க எண்ணம். திருவிதாங்கோட்டுல அரப்பள்ளிங்கிற பழைய சர்ச் இருக்கு, தோமா அப்போஸ்தலர் வழியா வந்ததுன்னு பாரம்பரியமாச் சொல்லுறது. மார்த்தாண்டத்துல மலங்கரை மறைமாவட்டம், தக்கலையில சீரோ மலபார் மறைமாவட்டம். இவங்க பாரம்பரியத்துக்கு வேர் சீரிய மொழி. சீரியத்துல பெஷித்தான்னு ஒரு பழைய மொழிபெயர்ப்பு இருக்கு, அதுல புதிய ஏற்பாடு முதல்ல 22 புஸ்தகந்தான், 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் அஞ்சும் கிடையாது, அதெல்லாம் பின்னால வந்த சீரிய மொழிபெயர்ப்புகள்லதான் சேந்துச்சு. ஜெர்மனியில இருக்க மாணவன் இதைப் புஸ்தகத்துல படிப்பான், உங்களுக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல ஏறினா சீரிய மரபுல வந்த சர்ச் வாசல்ல போய் இறங்கலாம். சீரியம் படிக்க ஆசை இருந்தா கோட்டயத்துல சீரி நிறுவனம் இருக்கு, அதுக்குன்னே உள்ள இடம்.

இனி மொழி. இதுல சமரசம் கெடையாது, கிரேக்கம் தெரியாம புதிய ஏற்பாட்டுல எம்.டி.எச் (இறையியல் முதுகலை) பண்ணலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா பயப்படவும் வேண்டாம், தமிழ்க்காரங்களுக்குக் கிரேக்கம் இங்கிலீஷ்காரங்களுக்கு இருக்க மாதிரிக் கஷ்டமா இருக்காது. இங்கிலீஷ் புஸ்தகத்துல ரெண்டு அதிகாரம் செலவழிச்சு வேற்றுமையை விளக்குவான், நமக்கு யோவானை, யோவானுக்கு, யோவானோடன்னு பள்ளிக்கூடத்துல படிச்சது அப்படியே இருக்கு, சொல்லுக்குக் கடைசியில ஒட்டு மாறினா அர்த்தம் மாறும்ங்கதும், சொற்களை முன்னபின்ன மாத்திப் போட்டாலும் வாக்கியம் நிக்கும்ங்கதும் நமக்கு ரத்தத்துல ஊறினது. சிரமம் வேற ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு, கல்லுக்கும் வீட்டுக்கும் கூட ஆண்பால் பெண்பால் உண்டு, நம்ம உயர்திணை அஃறிணைக் கணக்கு அங்க செல்லாது. இன்னொண்ணு பெயருக்கு முன்னால வாற ஆர்ட்டிக்கிள், இங்கிலீஷ்ல "the" மாதிரி, தமிழ்ல அப்படி ஒண்ணு இல்லாததுனால எங்க அது முக்கியம், எங்க சும்மா வருதுன்னு புரியக் காலம் எடுக்கும். தினமும் அரை மணி நேரம், காலையில, ஒரு நாளும் விடாம. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் உக்காந்து படிக்கது பிரயோஜனப்படாது, நான் அப்படிச் செஞ்சு ஒரு வருசத்தை இழந்தேன். எட்டு ஒன்பது மாசத்துல 1 யோவானை அகராதியோட வாசிக்க முடியும், அது எளிமையான கிரேக்கம். அதுக்குப் பெறகு மாற்கு. எபிரெயர் நிருபத்தைக் கடைசிக்கு வையுங்க.

புஸ்தகம் வாங்கக் காசில்லன்னு நிறுத்திராதீங்க. எஸ்.பி.எல்ங்கிற வேத ஆய்வுச் சங்கத்தோட கிரேக்கப் புதிய ஏற்பாடு 2010-ல இருந்து இலவசமா நெட்டுல கெடைக்கு, ஆனா அதுல கீழ இருக்க குறிப்பு அச்சுப் பதிப்புகளை ஒப்பிடுறது, கையெழுத்துப் பிரதிகளை இல்ல, அதனால மேல்படிப்புக்கு, பிரதிகளோட பாடபேதத்தைக் கீழ குறிக்கிற நெஸ்லே ஆலந்து கிரேக்கப் புதிய ஏற்பாடு 28-ஆம் பதிப்பு ஒண்ணு கட்டாயம் வேணும், செகண்ட் ஹேண்டாட்டு சீனியர்கள்கிட்ட கேளுங்க. சினாய் கோடெக்ஸ்ங்கிற பழைய கிரேக்கக் கையெழுத்துப் புஸ்தகம் முழுசும் 2009-ல இருந்து நெட்டுல இருக்கு. ஒரு நாள் ராத்திரி அதுல மாற்கு கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்க. 16:8-ல "பயந்திருந்தார்கள்"னு முடியும், அடுத்த பத்தியிலயே (column) லூக்கா ஆரம்பிச்சிரும். வத்திக்கான் கோடெக்ஸ்லயும் அங்கதான் முடியுது, ஆனா அதுக்குப் பெறகு ஒரு பத்தி முழுசும் காலியா விட்டிருக்கு, பிரதி எடுத்தவருக்கு மிச்ச வசனங்கள் தெரிஞ்சிருந்ததுனால இடம் விட்டாரா, வேற காரணமான்னு அதுக்கும் ஒரு சர்ச்சை. 4-ஆம் நூற்றாண்டுல ஒருத்தர் தோல்ல எழுதினதை கருங்கல் ஊருல ஒரு வீட்டு மொட்டை மாடியில போன்ல பாக்கேன்னு நெனைச்சப்ப எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல.

எங்க படிக்கதுன்னு சுருக்கமாச் சொல்லிடுதேன். இறையியல் பட்டம் குடுக்குற செராம்பூர் செனட்டோட பி.டி (இறையியல் இளங்கலை), அதுக்குப் பெறகு ரெண்டு வருச எம்.டி.எச், அதுதான் நம்ம பக்கத்துல பெரும்பாலானவங்க போற வழி. நாகர்கோவில்லயே கன்கார்டியா செமினரி இருக்கு, மதுரை அரசரடியில டி.டி.எஸ் இறையியல் கல்லூரியில தமிழ்லயே இறையியல் படிக்கலாம், பெங்களூர் யு.டி.சி, சென்னை குருகுலம்னு ரெண்டு இறையியல் கல்லூரிகள்லயும் மேல்படிப்பு இருக்கு, எந்த வருசம் புதிய ஏற்பாட்டுப் பிரிவுக்கு ஆள் எடுக்காங்கன்னு ஆபீஸ்ல நேர்ல கேட்டு உறுதிப்படுத்திக்கிடுங்க. போதகர் ஆகப் போறதில்ல, சும்மா பி.ஏ, பி.எஸ்சி முடிச்சிருக்கேன்னா சென்னைப் பல்கலைக்கழகத்துல கிறிஸ்தவ ஆய்வுகளுக்குன்னே ஒரு துறை இருக்கு, அதை விசாரிங்க. பொம்பளைப் பிள்ளைகள் "எனக்கு ஆகுமா"ன்னு கேக்காங்க, தாராளமா ஆகும், தயங்காம வாங்க. கத்தோலிக்கப் பிள்ளைகள் பங்குத் தந்தைகிட்ட பேசுங்க, புனே ஞானதீபம் மாதிரி இடங்கள் பத்தி அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறேன். தலைப்பு. நான் முதல்ல எழுதிக் கொண்டுபோனது "புதிய ஏற்பாட்டின் நம்பகத்தன்மை"ன்னு ஒரு தலைப்பு, எனக்க கைடு வாசிச்சிட்டு "இதை முடிக்க நாலு ஆயுசு வேணும் தம்பி, ஒரே ஒரு வசனத்தோட வா"ன்னு திருப்பி அனுப்பினார். அன்னைக்கு வருத்தமா இருந்துச்சு, இன்னைக்கு நான் எல்லார்ட்டயும் சொல்லுறது அதைத்தான். பெரிய கேள்வி எல்லாம் சின்ன வசனத்துக்குள்ளதான் கெடக்கு. எப்படின்னு ஒண்ணு செஞ்சு காட்டுதேன்.

ரோமர் 16:7 எடுங்க. பவுல் அன்றோனீக்கையும் யூனியாவையும் வாழ்த்துங்கள்ங்கிறார், "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்"ன்னும் சொல்லுறார். யூனியா ஆணா பெண்ணா? தமிழ்ல "யூனியாவையும்"னு இருக்கதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது பாருங்க, "பெயர்பெற்றவர்கள்"ங்கதும் ரெண்டு பாலுக்கும் பொது. ஆச்சரியம் என்னன்னா கிரேக்கத்துலயும் அதே நிலைமைதான். "ஐ" உருபு சேந்த வடிவத்துல எழுத்துகள் ஒண்ணுதான், மேல போடுற அசைக்குறி எங்க விழுதுங்கதை வச்சுத்தான் யூனியாங்கிற பெண்ணா, யூனியாஸ்ங்கிற ஆணான்னு தெரியும், பழைய பிரதிகள்ல அசைக்குறியே போட மாட்டாங்க. அப்ப எப்படி முடிவு பண்ணுறது? இங்கதான் படிப்பு ஆரம்பிக்கு. ஒரு நோட்டு எடுத்து வருச வாரியா எழுதுங்க. 4-ஆம் நூற்றாண்டுல கிரிசோஸ்தோம்ங்கிற சபைப் பிரசங்கியார், கிரேக்கம் தாய்மொழி, யூனியாவைப் பெண்ணா எடுத்துக்கிட்டு, அப்போஸ்தலர்னு சொல்லப்படுற அளவுக்கு இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு ஞானம்னு புகழுறார். யூனியாங்கிற பெண் பேரு ரோமக் கல்வெட்டுகள்ல நிறைய வருது, யூனியாஸ்ங்கிற ஆண் பேருக்கு ஒரு உறுதியான சாட்சி கூட கெடைக்கல. ஆனாலும் 1927-ல வந்த நெஸ்லே பதிப்பு ஆண் பேருக்கான அசைக்குறியைப் போட்டுச்சு, 1998-லதான் திரும்பப் பெண் பேருக்கு மாத்தினாங்க. பாப்பிரஸ் 46-ங்கிற பழைய கையெழுத்துப் பிரதியில யூலியான்னே இருக்கு, அதையும் குறிச்சுக்கிடுங்க, அது பெண் பேருதான்.

பெண்தான்னு ஏறக்குறைய முடிவான பெறகு சர்ச்சை நிக்கல, இடம் மாறிச்சு. 2001-ல புரர், வாலஸ்னு ரெண்டு பேரு, சரி பெண்தான், ஆனா அந்தக் கிரேக்கத் தொடருக்கு "அப்போஸ்தலர்களுக்குள்ள பெயர்பெற்றவர்"னு அர்த்தமில்ல, "அப்போஸ்தலர்களுக்கு நல்லாத் தெரிஞ்சவர்"னுதான் அர்த்தம்னு எழுதினாங்க, மத்த கிரேக்க நூல்கள்ல அந்தச் சொல் வாற இடங்களை எல்லாம் எடுத்துக் காட்டினாங்க. 2002-ல பாக்கம்ங்கிற அறிஞர், 2005-ல எல்டன் எப்ங்கிற அறிஞர், அவங்க எடுத்துக் காட்டின உதாரணங்களையே ஒண்ணொண்ணாப் பரிசோதிச்சு இது நிக்காதுன்னாங்க. 2015-ல புரர் இன்னும் கூடுதல் உதாரணங்களோட திரும்ப வந்தார். எனக்குப் பாக்கம், எப் பக்கந்தான் பலம் கூடுதல்னு தோணுது, கிரேக்கம் பேசி வளந்த கிரிசோஸ்தோமுக்கு அந்தத் தொடர் எப்படிக் கேட்டுச்சுங்கதை லேசாத் தள்ள முடியாது. ஆனா புரர் கட்டுரையைப் படிக்காம இந்த முடிவுக்கு வந்திருந்தா எனக்கு இதைச் சொல்ல உரிமை இல்ல. ஒரு வசனத்துக்குள்ள கையெழுத்துப் பிரதி, இலக்கணம், கல்வெட்டு, பதிப்பு வரலாறு, சபையில பெண்கள் ஊழியம் அத்தனையும் வந்துச்சு பாத்தீங்களா, நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்புகள் இந்த வசனத்தை எப்படிச் செஞ்சிருக்குன்னு 1715 தரங்கம்பாடிப் பதிப்புல இருந்து வரிசையாப் பாத்தா அதுவே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

படிக்கும்போது ஒரு முறை வச்சுக்கிடுங்க. முதல்ல புதுக் கட்டுரையை எடுங்க, அதுல யாருக்குப் பதில் எழுதுறாங்கன்னு பாத்து அந்தக் கட்டுரைக்குப் போங்க, அப்படியே பின்னோக்கிப் போயிட்டு மூல நூல் வரைக்கும் இறங்கிட்டு, பெறகு முன்னோக்கி வாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம்: என்ன சொல்லுறார், எதை வச்சு, யாரை மறுக்கிறார், எதைச் சொல்லாம விட்டார். கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம். உங்களுக்குப் பிடிக்காத கருத்தை அந்த ஆளே வாசிச்சாலும் "ஆமா, இதைத்தான் நான் சொன்னேன்"னு தலையாட்டுற மாதிரி எழுதத் தெரியணும், அதுக்குப் பெறகுதான் மறுப்பு. நம்ம ஊரு கன்வென்ஷன் பிரசங்கத்துல எதிராளியை ரெண்டு வாக்கியத்துல மடக்கிப் போட்டுப் பழகினவங்களுக்கு இது ஆரம்பத்துல கஷ்டம். முன்னால யாரு என்ன தலைப்புல பண்ணியிருக்காங்கன்னு சோத்கங்காவுல தேடுங்க, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பலதும் அங்க இணையத்துல முழுசாக் கெடைக்கும். நூல் விவரம், குறிப்பு எல்லாம் சேத்து வைக்கிற ஜோட்டெரோங்கிற மென்பொருள் இலவசம், முதல் நாளே அதுல குறிப்புகளைப் போட ஆரம்பிங்க, கடைசி மாசத்துல பக்க எண் தேடி அழுறவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். கிரேக்கத்தை யூனிகோடுலயே டைப் பண்ணுங்க, பழைய பாண்டுல அடிச்சா இன்னொரு கம்ப்யூட்டர்ல எல்லாம் கட்டம் கட்டமா வரும்.

பேப்பர்ல வாற பரபரப்புச் செய்தியை வச்சுத் தலைப்பு எடுக்காதீங்க. 2012-ல முதல் நூற்றாண்டு மாற்குப் பிரதி கெடைச்சிருக்குன்னு ஒரு பெரிய விவாத மேடையில சொன்னாங்க, எத்தனையோ பேரு அதைப் பிரசங்கத்துல சொல்லிட்டாங்க. 2018-ல அந்தத் துண்டு முறைப்படி பதிப்பாகி வந்தப்ப 2 அல்லது 3-ஆம் நூற்றாண்டுன்னு ஆச்சு, பாப்பிரஸ் 137-ன்னு நம்பர் போட்டாங்க. அதே 2012-ல இயேசுவின் மனைவி சுவிசேஷம்னு இன்னொரு துண்டு உலகம் முழுசும் தலைப்புச் செய்தி ஆச்சு, 2016-ல அதை யாரு எப்படிக் கொண்டுவந்தாங்கன்னு ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்த பெறகு, அதை வெளியிட்ட பேராசிரியரே போலியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு ஒத்துக்கிட்டாங்க. ஒண்ணு விசுவாசிகளுக்குச் சந்தோசமான செய்தி, இன்னொண்ணு சங்கடமான செய்தி, ரெண்டுமே அவசரத்துல போச்சு. பதிப்பாகி, மத்தவங்க பரிசோதிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுங்க.

வீட்டுலயும் சபையிலயும் கேப்பாங்க, "இதெல்லாம் படிச்சா விசுவாசம் போயிருமே மக்களே"ன்னு. எனக்க அம்மையும் கேட்டா. நான் அவளுக்கு ரெண்டு கதை சொன்னேன். எபிரெயர் நிருபத்தை எழுதினது யாருன்னு 3-ஆம் நூற்றாண்டுலயே ஒரிகன்ங்கிற சபை அறிஞர் யோசிச்சிட்டு, உண்மை தேவனுக்குத்தான் தெரியும்னு எழுதி வச்சிருக்கார். அதே நூற்றாண்டுல அலெக்சாந்திரியா பிஷப் தியோனீசியு, வெளிப்படுத்தல் புஸ்தகத்துக் கிரேக்கமும் யோவான் சுவிசேஷத்துக் கிரேக்கமும் ஒரே கை எழுதினது மாதிரி இல்ல, வேற யோவானா இருக்கணும்னு சொல்நடையை வச்சு வாதாடினார், ஆனா அந்தப் புஸ்தகத்தைத் தள்ளவும் இல்ல. ரெண்டும் எவுசேபியு எழுதின சபை வரலாற்றுல இருக்கு. இந்தக் கேள்விகளை வெளியில இருந்து யாரோ கொண்டுவந்து போடல அம்மா, சபைக்குள்ள ஜெபம் பண்ணின ஆளுகளே கேட்டதுன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அப்ப ஒழுங்காட்டுப் படி"ன்னா. ஆனா ஒண்ணு, படிச்சதை எல்லாம் அடுத்த ஞாயித்துக்கிழமையே சண்டே ஸ்கூல்ல கொட்டாதீங்க. விபச்சாரத்துல பிடிபட்ட பெண்ணோட சம்பவம் பழைய பிரதிகள் பலதுல இல்லங்கது உண்மைதான், அந்தப் பகுதியைக் கேட்டு அழுது மன்னிப்பைத் தெரிஞ்சுக்கிட்ட ஒரு பாட்டிக்கு அதை எப்ப, எப்படிச் சொல்லணும்னு அறியதும் படிப்புல சேந்ததுதான். கேட்டா மறைக்காதீங்க, கேக்காதவங்க மேல எறியவும் செய்யாதீங்க.

விண்ணப்பிக்கப் போற வருசத்துக்கு ஒரு கணக்கு. நுழைவுத் தேர்வுக்கு ஒரு வருசம் முன்னாடி கிரேக்கம் தொடங்கியிருக்கணும். ஆறு மாசம் முன்னாடி வசனம் முடிவாயிருக்கணும், அதைப் பத்தி குறைஞ்சது பத்து கட்டுரை நோட்டுல ஏறியிருக்கணும். சபை சிபாரிசுக் கடிதம் கடைசி வாரத்துல கேட்டா கெடைக்காது, ஐயருக்கு (போதகருக்கு) அசன விருந்து, கமிட்டின்னு வேலை கெடக்கும், மூணு மாசம் முன்னாடியே கேளுங்க. ஒரு பக்க ஆய்வு முன்வரைவு எழுதினதும் அதை இறையியல் படிக்காத ஒருத்தர்ட்ட தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க, "நீ என்ன கண்டுபிடிக்கப் போற"ன்னு அவங்களால திருப்பிச் சொல்ல முடியலன்னா திரும்ப எழுதுங்க, நான் அஞ்சு தடவை எழுதினேன். நேர்காணலுக்குப் போகும்போது அந்த ஒரு பக்கம், நோட்டு, கிரேக்கப் புதிய ஏற்பாடு மூணும் கையில இருக்கட்டும், ஏதாவது ஒரு வசனத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுவாங்க, உங்களுக்குத் தெரிஞ்ச வேகத்துல வாசிங்க, தெரியாத சொல் வந்தா தெரியலன்னு சொல்லிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்க.